வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் எந்தப் புல் தாங்கும்?

நர்சரியில் புல் கேட்டால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை சதுர அடிங்க?" அடுத்தது, "வெயில் அடிக்குமா, நிழலா?" மூன்றாவதாக ஒன்று கேட்டிருக்க வேண்டும். எங்களை யாரும் கேட்கவில்லை. "மாசத்துல எத்தனை நாள் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புவீங்க?"

நாங்கள் கோவைக்காரர்கள். மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை, பொள்ளாச்சி தாண்டினால் ஆழியாறு. சனிக்கிழமை விடிந்தால் புளிசாதம் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிடும் குடும்பம். முன்வாசலில் 600 சதுர அடி மண்ணை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தில் விதை, துண்டு, வேர் என்று மூன்று வழியிலும் புல் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அக்கா வீட்டில் நான்காவது ரகம் இருக்கிறது. கொழுந்தனார் வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக். ஐந்தையும் அந்தக் கேட்கப்படாத கேள்வியை வைத்தே பார்க்கிறேன். அழகை நர்சரிக்காரரே காட்டிவிடுவார்.

ஆசை பிறந்த இடம் ஊட்டி தாவரவியல் பூங்கா. 1848-இல் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரர் மலைச்சரிவைச் செதுக்கி உருவாக்கத் தொடங்கியது. பிள்ளைகள் அந்தச் சரிவில் உருண்டு இறங்கிவிட்டு, "நம்ம வீட்லயும் இது வேணும்" என்றார்கள். திரும்பும் வழியில் குன்னூரில் தெரிந்தவர் வீட்டு வேலியோரம் கிக்குயு புல் தடிமனாகப் படர்ந்து கிடந்தது. கேட்டு ஒரு கட்டைப்பை நிறையப் பிடுங்கி வந்தேன். அது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் புல், குளிரில் வாழ்கிற ஜாதி. மே மாதத்துக் கோவை வெயிலில் பத்தே நாளில் வைக்கோலாகிவிட்டது. ஆக, மலையில் பார்த்த புல்லைச் சமவெளியில் தேட வேண்டாம். இதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

விதை

முதல் உருப்படியான முயற்சி, பெர்முடா விதை. பெயர்தான் அப்படி, நம்ம ஊர் அருகம்புல்லேதான் அது. 100 சதுர மீட்டருக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போதும் என்பார்கள். எங்கள் இடம் சுமார் 56 சதுர மீட்டர். 150 கிராமில் முடிந்துவிட்டது. இதைவிட மலிவான வழி கிடையாது.

எப்போது விதைப்பது? ஆடிப்பட்டம் தேடி விதை என்றார் என் மாமியார். அத்தை பேச்சுக்கு வீட்டில் அப்பீல் இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதும் இதே ஆடிதான் என்பது விதைத்த மறுநாள்தான் எனக்கு உறைத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் சும்மா வராது. அம்மிக்கே அந்தக் கதியென்றால் கடுகைவிடச் சின்ன விதைக்கு என்ன கதி? மணலோடு கலந்து தூவி, மேலே சலித்த மண்ணை மூடியிருந்தேன். பாதி மதில் ஓரம் போய் ஒதுங்கிவிட்டது.

மீதியை எறும்பு எடுத்தது. காலையில் காபியோடு வாசலில் நின்றால், காம்பவுண்ட் சுவர் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு நகர்கிறது. குனிந்து பார்த்தேன். ஒவ்வோர் எறும்பின் வாயிலும் ஒரு விதை, செங்குத்தாக, பாய்மரம் மாதிரி. அத்தை ஒரு கைப்பிடி நொய்யரிசியைப் புற்று வாயில் போட்டுவிட்டு, "அதுகளுக்கும் வயிறு இருக்குதல்லோ சாமி, விதைக்கு முன்னாலயே இதைப் போட்டிருக்கோணும்" என்றார். அறிவு எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வருகிறது.

இத்தனைக்கும் தப்பி, பத்தாம் நாள் பச்சை மயிர் மாதிரி அங்கங்கே முளைத்தது. அந்த வாரம் பதினெட்டாம் பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போய் முங்கி, கட்டுச்சோறு தின்று, இருட்டித்தான் திரும்பினோம். ஒரே ஒரு பகல். முளைத்த விதைக்கு வேர் இன்னும் மண்ணுக்குள் இறங்கவில்லை. மேல்மண் காய்ந்தால் அதற்கு அடியில் வேறு தண்ணீர் இல்லை. காற்றடிக்கிற நாளில் மூன்று நான்கு தடவை பூவாளியால் நனைக்க வேண்டும். நாங்கள் வந்தபோது பச்சை காணாமல் போயிருந்தது.

விதைக்கு என் கணக்கு: முதல் ஒரு மாதம் அரை நாள்கூட வீட்டைப் பூட்ட முடியாது. வீட்டில் எப்போதும் பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமென்றால், விதையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கொரியன் புல் துண்டுகள்

இரண்டாவது தடவை ரோஷம் வந்துவிட்டது. காசு போனால் போகட்டும், ஒரே நாளில் பச்சையாக வேண்டும் என்று கொரியன் புல் சொன்னோம். மெல்லிய இலை, நெருக்கமாகப் படரும், வெறும் காலை வைத்தால் மெத்தைதான். பங்களா விளம்பரங்களில் வருகிற புல் இதுதான். மண்ணோடு செவ்வகமாக வெட்டிக் கொண்டுவந்து பாய் விரிக்கிற மாதிரி பரப்புவார்கள்.

செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்ன லோடு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. மறுநாள் விடிகாலையில் பழனிக்குக் கிளம்ப வேண்டும். சின்னவனுக்கு முடி இறக்க வேண்டுதல். "நிழல்ல அடுக்கி வெச்சு ஈரச்சாக்குப் போட்டிருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு லோடுக்காரர் போய்விட்டார். ஞாயிறு இரவு வந்து சாக்கைத் தூக்கினேன். ஆவி வந்தது. நிஜமாகவே. உள்ளே கையை விட்டால் இட்லிச் சட்டிச் சூடு, அடுக்கின் நடுவில் இருந்ததெல்லாம் மஞ்சள், புளித்த வைக்கோல் வாடை. வெட்டிய புல்லும் மூச்சு விடும். அடுக்கி மூடினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தன்னைத்தானே அவித்துக்கொள்ளும். வந்த 24 மணி நேரத்துக்குள் விரித்துவிட வேண்டும் என்பதை லோடுக்காரர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போனது.

தப்பித்த துண்டுகளை விரித்தோம். இங்கேயும் முதல் மூன்று வாரம் காவல்தான். நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால்கூட எங்கள் 600 சதுர அடிக்கு 280 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பதினான்கு. போர் தண்ணீர் இல்லாத வீட்டில் இதை யோசித்துத்தான் இறங்க வேண்டும். வேர் பிடித்ததா என்று பார்க்க ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பார்ப்பேன். பாய் மாதிரி எழுந்து வந்தால் இன்னும் விருந்தாளி. இழுத்துப் பிடித்தால் குடிவந்தாகிவிட்டது.

குடிவந்த பிறகு கொரியன் நல்ல புல் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டாம். நான்கு நாள் ஏற்காடு போய்வரலாம். ஏப்ரலில் என்றால் இரண்டு நாள். ஆனால் அதே மெத்தனம்தான் அதன் கோளாறும். ஏற்காட்டுக்குக் கிளம்பும் காலையில் என் வீட்டுக்காரர், "ஊர்ல இருந்து வர்றதுக்குள்ள கருகருன்னு வளர்ந்திருக்கும் பாரு" என்று யூரியாவை நெல்வயலில் வீசுகிற மாதிரி வீசிவிட்டு, தண்ணீர் விடாமல் வண்டியை எடுத்துவிட்டார். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. கரைத்து இறக்கத் தண்ணீர் இல்லையென்றால் விழுந்த இடத்தைப் பொசுக்கும். அவர் கை தாராளமாகத் திறந்த இடமெல்லாம் தட்டு தட்டாகக் கருகியிருந்தது. சுற்றிலும் மட்டும் கரும்பச்சை. அருகம்புல்லாக இருந்தால் ஒரு மாதத்தில் மூடியிருக்கும். கொரியனுக்கு அந்த வட்டங்கள் மூட ஐந்து மாதம் ஆனது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது, அது ஒன்றுதான் லாபம்.

அருகு ஊன்றுவது

மூன்றாவதுக்குப் பக்கவாட்டு இடத்தை எடுத்துக்கொண்டோம். சூலூர்ப் பக்கம் அத்தையின் தம்பி தோட்டத்து வரப்பில் இருந்தே அருகங்கட்டை வந்தது. அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "இதைக் காட்டுல இருந்து ஒழிக்கறதுக்கு உங்க மாமன் காலம் பூரா மம்முட்டி பிடிச்சாரு. நீங்க நடறீங்க!" அதுதான் பாயிண்ட். உழவனே ஒழிக்க முடியாத புல், என் வீட்டார் அலட்சியத்திலா செத்துவிடும்?

ஐப்பசி முதல் மழை பெய்து மண் பதமான மறுநாள், கணு இருக்கிற துண்டுகளாக நறுக்கி, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினோம். பெரிய மகள் ஸ்கேலை வைத்து அளந்தாள்; சின்னவன் கண்டபடி குத்தினான்; வளர்ந்தபின் யார் நட்டது எதுவென்று தெரியவில்லை. மிஞ்சிய துண்டுகளைப் பொடியாக நறுக்கி, சாணியும் தோட்டத்து மண்ணும் குழைத்து ஒரு விரற்கடை கனத்துக்குப் பூசி, சருகு போட்டு மூடினோம். தோட்டக்கலையில் இது ஒரு பழைய முறைதான். பிள்ளைகளுக்கு ஊட்டியைவிட அந்தச் சாணி பிசைந்த மத்தியானம்தான் பிடித்தது என்று நினைக்கிறேன்.

விபத்து இங்கேயும் உண்டு. தீபாவளிக்கு என் அம்மா வீட்டுக்கு மதுரைக்குப் போகையில், "மழை பெய்யலைன்னா மட்டும் கொஞ்சம் தண்ணி விடு தம்பி" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். அவன் மோட்டாரைப் போட்டு ஹோஸை நுனியில் விரல் வைத்து அழுத்தித் தீயணைப்பு வண்டி மாதிரி அடித்திருக்கிறான். ஊன்றியதில் கால்வாசி பிய்த்துக்கொண்டு கேட் மூலையில் குவிந்து கிடந்தது. கையில் மதுரையிலிருந்து வந்த ஜிகர்தண்டா பாட்டில். வேறென்ன செய்வது, நன்றி சொல்லிக் கொடுத்தேன். குவிந்த கட்டைகளை எடுத்துத் திரும்ப ஊன்றினால், அத்தனையும் துளிர்த்தது. நான்கு நாள் வேர் வெளியில் கிடந்த புல்!

இப்படி ஊன்றினால் மூட ஆறு மாதம் ஆகும் என்பார்கள். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை கைகொடுத்ததால் தைக்குள் பெரும்பாலும் மூடிவிட்டது. முதல் பத்து நாள் கவனிப்பு. ஒரு மாதம் ஆன பிறகு ஒரு வாரம் பூட்டிப் போனோம், ஒன்றும் ஆகவில்லை. சித்திரையில் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் பழுப்பேறியது, கோடை மழை ஒன்று விழுந்ததும் அடியில் இருந்து கிளம்பி வந்துவிட்டது.

குறை சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கொரியன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொரசொரப்புதான். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை வெட்டாவிட்டால் காடு. ரோஜாப் பாத்திக்குள் வேலியைத் தாண்டி வந்துவிடும். ஒரு அடி ஆழத்துக்குச் செங்கல் தடுப்பு வைத்தும் மேலே ஏறித் தாண்டுகிறது. ஒரு முறை வைத்தால் வாழ்நாள் உறவு என்று தெரிந்து வையுங்கள். நிழலில் சுத்தமாக வராது.

நிழலுக்கு அக்கா வீட்டு ரகம்: சாயிபாபா காலனியில் பெரிய மாமரத்தடியில் அகல இலைப் புல். பஃபலோ புல் என்று விற்கிறார்கள். மரநிழலில் அது ஒன்றுதான் சிரிக்கிறது. ஆனால் தண்ணீர்ப் பிசாசு. அக்கா மூன்று நாள் திருச்செந்தூர் போய்வந்தால் வாடி விழுந்திருக்கும். அக்கா ஊர் சுற்றாத ஆள், அதனால் பொருத்தம்.

பிளாஸ்டிக் புல்லுக்குப் பூட்டிப்போகும் நாள் கணக்கே இல்லை, ஆறு மாதம்கூடப் போகலாம். இந்த ஒரு கேள்வியில் அதுதான் முதல். மற்ற எதிலும் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கொழுந்தனார் மாடியில் செருப்பில்லாமல் நின்ற சின்னவன் போட்ட கத்தல் தெருவுக்கே கேட்டது. நிஜப்புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. இது அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் மட்டும் உட்காருகிற இடம் என்றால் சரி.

எந்தப் புல்லானாலும் பொதுவாக ஒரு தொல்லை உண்டு, கோரை. மேடாக்க ஒரு லோடு செம்மண் அடித்தோம். மண்ணோடு கோரைக்கிழங்கும் இலவசமாக வந்தது. மேலே பிடுங்கினால் இலைதான் கையோடு வரும். மணி கோர்த்த மாதிரி கிழங்குகள் கீழேயே இருந்து மறுபடி முளைக்கும். புல் போடுவதற்கு முன்பே மண்ணைக் கொத்தி, தண்ணீர் விட்டு முளைக்க விட்டு, கிழங்கோடு பொறுக்கி, வெயிலில் காயப்போட்டு, இதையே இரண்டு மூன்று தடவை செய்திருந்தால் தப்பித்திருப்போம். அந்த வேலைக்குச் சித்திரை, வைகாசி வெயில்தான் சரி. கத்திரியில் எல்லோரும் மலைக்குக் கிளம்புகிற நேரம். மண் பாட்டுக்குக் காய்ந்து கிடக்கும், யாரும் காவல் இருக்க வேண்டாம். எங்கள் மாதிரி குடும்பத்துக்கு வசதியான ஒரே கட்டம் அதுதான்.

ஆகவே கோடை லீவில் மண்ணைக் காயப்போட்டு, ஐப்பசி மழையில் அருகு ஊன்றி, பொங்கல் லீவுக்குக் கவலையில்லாமல் கிளம்பலாம். இன்றைக்குத் திரும்ப ஆரம்பித்தால் அப்படித்தான் செய்வேன். வாசலுக்கு நேரே ஒரு சின்னச் சதுரம் மட்டும் கொரியன் வைத்துக்கொள்வேன், கால் சுகத்துக்காக.

வாசல் கொரியனில் கேட் பக்கம் இன்னும் கோரை வருகிறது. பக்கவாட்டு அருகம்புல்லில் அத்தை சதுர்த்திக்குச் சதுர்த்தி பிள்ளையாருக்கு நுனி கிள்ளுகிறார். போன மாதம் வெட்டுகிற மிஷினை எடுத்துக்கொண்டு போனேன். "சங்கடஹர சதுர்த்தி முடியட்டும்" என்று தடுத்துவிட்டார். சதுர்த்தி மறுநாள் நாங்கள் வால்பாறையில் இருந்தோம். இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது.