கூரைச் சூட்டைக் குறைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்: எங்களுடைய 185,000 ரூபா போய்விட்டது

யாழ்ப்பாணத்தில் கொங்கிறீற் கூரை போட்ட வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். கூரையின் உட்புறத்தில் மின்னும் அலுமினியத் தாள் ஒட்டி அறையைக் குளிர வைக்கிறோம் என்று சொல்லும் ஒரு கடைக்காரர் எங்களிடம் 185,000 ரூபா வாங்கிக்கொண்டு போய்விட்டார். அறையின் சூடு இருந்தபடியே இருக்கிறது. கோபம் ஆற முன்னரே எழுதுகிறேன். அதே ஆட்கள் எங்கள் ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்கும் அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்மாவின் அறைக்காகத்தான் இந்த வேலையைக் கொடுத்தோம். பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்குப் பெரும்பாலும் கட்டில்தான். மத்தியானத்தைக்கூட ஒருமாதிரிச் சமாளித்துவிடுவார். பொழுதுபட்ட பிறகுதான் கொடுமை. கொங்கிறீற் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்திருக்கும். அந்தச் சூடு உட்புறத்துக்கு இறங்கி வரச் சில மணித்தியாலம் எடுக்கும். முற்றத்தில் சோளகம் சுகமாக வீசும் நேரத்தில், உள்ளே கட்டிலில் படுத்திருப்பவருக்கு நெற்றி காயும். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும், ஓகஸ்ட் கடைசியில் திரும்பவும் வரும். அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம்.

மின்விசிறியைக் கூட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மின்விசிறி காற்றைத்தான் அசைக்கும், வியர்வையைக் காய வைக்கும். கூரை விடுகிற வெப்பக் கதிரை அதால் தடுக்க முடியாது, அது நேரே வந்து உடம்பில் படும். எங்கள் தோலின் சூடு 33, 34 பாகை அளவில் இருக்கும். சுற்றியுள்ள சுவரும் கூரையும் அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடம்பு தன் சூட்டை அவற்றுக்கு விடும். கூரை அதைவிடச் சூடானால் அது எங்களுக்குச் சூடேற்றத் தொடங்கும்.

சுவிஸில் இருக்கும் அண்ணா வீட்டில் இதையே நல்லதுக்குப் பயன்படுத்துகிறார்கள். நிலத்துக்கு அடியில் குழாய் புதைத்து, அதில் 35 பாகை அளவில் தண்ணீர் ஓட விடுகிறார்கள். நிலம் 25, 26 பாகைக்கு வந்தாலே போதும். அறைக் காற்று 20 பாகைதான், ஆனால் காலுக்குக் கீழே அவ்வளவு பெரிய பரப்பு இளஞ்சூடாக இருப்பதால் குளிர் தெரிவதில்லை. வெளியில் பனி கொட்டும்போது பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிவதை வீடியோவில் காட்டுவார். எங்கள் வீட்டில் அதே வெப்பமூட்டி தலைக்கு மேலே இருக்கிறது, நிறுத்துவதற்கு ஆளி இல்லை.

வந்தவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது. அதுதான் எங்களை நம்ப வைத்தது. "சுவிஸில உங்கட அண்ணைக்கு நிலத்தால வாற சூடு, இங்க அம்மாவுக்குக் கூரையால வருது அக்கா, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். சிவப்பு வெப்ப விளக்கு ஒன்றை எரிய விட்டு, அம்மாவின் கையைப் பக்குவமாகப் பிடித்து அதற்கு முன்னால் வைத்தார். சூடு பட்டது. இடையில் அந்தத் தாளைப் பிடித்தார். அந்தக் கணமே சூடு நின்றது. அம்மாவின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அண்ணா வீடியோ அழைப்பிலேயே "செய்யச் சொல்லு" என்றார்.

அந்த விளக்கு வித்தை பொய்யில்லை. மினுக்கிய அலுமினியம் தன்மேல் படும் வெப்பக் கதிரில் 95 வீதம் வரை திருப்பி அனுப்பும். ஆனால் அதற்கு மினுங்கும் பக்கம் வெறுமையாக, ஒரு காற்று இடைவெளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இவர்கள் தாளைக் கொங்கிறீற்றோடு பசை போட்டு இறுக்கி ஒட்டினார்கள். ஒட்டி முடிந்ததும் துப்பாக்கி போன்ற வெப்பமானியைக் கூரைக்குப் பிடித்தார். முன்பு 41 காட்டியது இப்போது 31. "பாத்தீங்களோ அக்கா, பத்துப் பாகை!" முழுக் காசும் அந்த இடத்திலேயே கைமாறியது. அடுத்த நாள், மினுமினு என்று இருந்தால் வீட்டுக்கு வடிவில்லை என்று சொல்லி அந்தத் தாளின் மேல் வெள்ளைப் பெயின்ற் அடித்தார்கள். அந்த 185,000 ரூபாவில் 25,000 இந்தப் பெயின்ற்றுக்கு.

அன்று இரவே அம்மா பழையபடி புரளத் தொடங்கிவிட்டார்.

தொலைபேசி எடுத்தால், "பெயின்ற் காய வேணும் அக்கா." காய்ந்தது. "ஒரு மழை பெய்யட்டும், அப்ப தெரியும்." மழையும் பெய்தது. அதன் பிறகு "நான் இப்ப வவுனியாவில நிக்கிறன்." கடைக்கே நேரில் போனேன். மேசையில் இருந்தவர் எழும்பவும் இல்லை. பொருளுக்குத்தான் கடை பொறுப்பாம், ஒட்டியவர்கள் வேறு ஆட்களாம், எங்கள் அறைக்கு யன்னல் போதாதாம். இத்தனைக்கும் ஒட்டியவர்கள் அந்தக் கடையின் பெயர் போட்ட ரீசேட்டோடுதான் வந்தார்கள். இப்போது வட்ஸ்அப்பில் இரண்டு நீலச் சரி விழுகிறது, பதில் இல்லை. படுக்கையில் கிடக்கும் ஒரு வயதானவரின் கையைப் பிடித்துக் காட்டி வாங்கிய காசு இது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

விஷயத்தை உடைத்தது என் மச்சான். ஏசி திருத்துகிறவர், அவரிடமும் அதே மாதிரி வெப்பமானி இருக்கிறது. பெயின்ற் அடித்த இடத்தில் பிடித்தார், 41. அலுமாரிக்குப் பின்னால் பெயின்ற் படாமல் ஒரு சாண் அளவு தாள் மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் பிடித்தார், 31. பிறகு வயர் சுற்றும் கறுப்பு ரேப்பில் ஒரு துண்டு வெட்டி அந்தத் தாளிலேயே ஒட்டி, கொஞ்சம் பொறுத்து ரேப்பின் மேல் பிடித்தார். 41! அந்தக் கருவி கதிரைப் பார்த்துத்தான் சூட்டைக் கணக்கிடும். மினுங்கும் தாளில் பிடித்தால், கீழே இருக்கும் நிலத்தின் கதிர் தெறித்து வருவதைத்தான் பெரும்பாலும் பார்க்கும். எங்களுக்குக் காட்டிய 31 எங்கள் நிலத்தின் சூடு. தாள் கூரையோடு ஒட்டிக்கொண்டு அதே 41-இல் இருந்திருக்கிறது.

மினுக்கம் கெடாமல் விட்டிருந்தாலாவது தாள் கீழே கொஞ்சமாகத்தான் கதிர் விட்டிருக்கும், அம்மாவுக்கு ஓரளவு ஆறுதல் கிடைத்திருக்கும். பெயின்ற் அதையும் கெடுத்துவிட்டது. வெப்பக் கதிருக்கு வெள்ளைப் பெயின்ற்றும் சீமெந்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே தாராளமாக விடும். இந்தத் தொழில் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது நிதானம் இல்லை. அவசரமாகச் சிலது:

தாளைக் கொங்கிறீற்றில் ஒட்ட விடாதீர்கள். கீழே ஒரு அங்குலமாவது இடைவெளி விட்டு, மினுங்கும் பக்கம் கீழே பார்க்கத் தொங்கவிடச் சொல்லுங்கள். மேலே பார்க்க விட்டால் தூசி படிந்து மினுக்கம் போய்விடும். அதன் மேல் பெயின்ற் அடிக்கவே விடாதீர்கள்.

வெப்பமானி காட்டினால் கறுப்பு ரேப் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாசலைக் காட்டுங்கள்.

வெயிலைக் கூரைக்கு மேலேயே தடுப்பதுதான் முதல் வேலை. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதே எங்கள் 185,000 ரூபாவைவிடக் கூடப் பலன் தரும். அம்மாவுக்கு இப்போது அதைத்தான் செய்யப் போகிறோம்.

முழுக் காசையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். வெயில் காய்ந்த நாளின் இரவைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். பில்லில் கடையின் பெயரும் வேலை விபரமும் இருக்க வேண்டும்.

என்னிடம் பில்லும் படங்களும் இருக்கின்றன. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடப் போகிறேன். இதே மாதிரி விளக்கும் தாளும் கொண்டுவந்தவர்களுக்கு யாராவது அட்வான்ஸ் கொடுத்திருந்தால், பெயின்ற் அடிக்க முன்னர் வேலையை நிறுத்துங்கள்.