டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இந்த அலாய் வீல் போடலாமா?

என் வண்டியில் போட்டிருக்கும் இதே 18 அங்குல அலாய் வீலைத் தன் வண்டிக்கும் போடலாமா என்று நண்பர் கேட்டார். அவர் இழுப்பது 2,500 கிலோ டிரெய்லர்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீல் ஹப்பில் கச்சிதமாக உட்காருகிறது. இடைவெளியை அடைக்க பிளாஸ்டிக் வளையம் தேவைப்படவில்லை. பேலன்ஸ் கலையவில்லை, ஸ்டீயரிங் அதிரவில்லை.

எரிச்சல் ஒன்றுதான், அது தீரவே இல்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்று பெட்டியிலும் போடவில்லை, விளம்பரத் தாளிலும் போடவில்லை. வீலைக் கழற்றித் திருப்பி, ஸ்போக்கின் பின்பக்கம் அப்பியிருக்கும் பிரேக் கரியைத் துடைத்தால்தான் வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் தெரிகிறது: 690 கிலோ. காசு கொடுக்கும் முன்பே கண்ணில் படவேண்டிய எண் இது!

டயரில் 116 என்ற லோட் இண்டெக்ஸைப் பார்த்து, 1,250 கிலோ தாங்கும் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். டயர், வீல், ஆக்ஸில் மூன்றில் எதன் வரம்பு குறைவோ, அதுதான் வண்டியின் வரம்பு.

நண்பரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லர் எடையில் பத்து சதவீதம், அதாவது 250 கிலோ, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தில் அழுத்தும். பின் ஆக்ஸிலில் ஏறுவது அதைவிட அதிகம். பந்து ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்) 2.8 மீட்டர். நெம்புகோல் மாதிரி வண்டியின் முன்பக்கம் லேசாகி, அந்த எடையும் பின்னால் வந்து சேரும். 250 × (2.8 + 1.2) ÷ 2.8 = 357 கிலோ. ஆட்கள், சாமானோடு பின் ஆக்ஸிலில் ஏற்கெனவே 1,300 கிலோ. மொத்தம் 1,657, வீலுக்கு 828; அலாயின் 690-ஐத் தாண்டிவிட்டது. டிரெய்லர் இல்லாதபோது 650தான், அப்போது பயமில்லை.

பாரம் மீறிய அலாய் அன்றைக்கே உடைந்துவிடாது. ஸ்போக் நடுப்பகுதியோடு சேரும் இடத்திலோ உள்விளிம்பிலோ மயிரிழை விரிசலாகத் தொடங்கும். பஞ்சர் இல்லை, வால்வும் சரி, ஆனாலும் ஒரே டயரில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறதா? உள்விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். விரிசல் என்றால் வீலைத் தூக்கி எறியுங்கள். வெல்டிங் வைத்தால், சூடு பட்ட இடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்த பலம் போய்விடும்.

டிரெய்லர் மாட்டும்போதெல்லாம் வண்டியோடு வந்த ஸ்டீல் வீலைத்தான் போடுகிறேன். அலாய் நட்டை அதில் போடக்கூடாது. உட்காரும் முகம் வேறாக இருந்தால் முறுக்கம் நிற்காது. கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி பார்க்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே பாரம் தாங்குவதாக இருக்கட்டும்.

டிரெய்லர் இல்லாத ஓட்டத்துக்கு இதைவிட நல்ல வீல் நான் போட்டதில்லை. ஆனாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். டிரெய்லரே இழுக்காதவர் கேட்டாலும் இன்றைக்கு அதையேதான் சொல்வேன்; பாரம் தாங்கும் அளவை மறைத்து விற்பவருக்கு என் பரிந்துரை கிடையாது.