'கேட்ச் எ ஃபயர்' டீலக்ஸ் சிடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லியும் வெய்லர்ஸ் குழுவும் 1973-இல் வெளியிட்ட 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தின் இரட்டை சிடி டீலக்ஸ் பதிப்பு என்று சொல்லி, ஆன்லைனில் ஒருவர் என் தலையில் போலியைக் கட்டிவிட்டார். 24 பவுண்ட். மூன்று வாரம் மல்லுக்கட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஆனால் அந்த ஆள் இன்னும் கடையை விரித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் இந்தப் பதிவு.

இந்தப் பதிப்புக்காக ஏன் இப்படி அலைய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வெய்லர்ஸ் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் இந்தப் பாடல்களைப் பதிவு செய்ததற்குப் பணம் கொடுத்தவர் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல். 4,000 பவுண்ட். கொடுத்த பணத்தோடு ஓடிவிடுவார்கள் என்று எல்லோரும் அவரைப் பயமுறுத்தினார்கள். அவர்களோ ஒழுங்காக டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிளாக்வெல் அதை லண்டன் பேசிங் ஸ்ட்ரீட் ஸ்டுடியோவில் வைத்து, ராக் ரசிகர்களுக்கு ஏற்ற மாதிரி மேல்பூச்சு பூசினார். அலபாமாவின் மசில் ஷோல்ஸிலிருந்து வந்திருந்த வெய்ன் பெர்கின்ஸின் கிடார், 'ராபிட்' பண்ட்ரிக்கின் கீபோர்டு எல்லாம் அப்படிச் சேர்ந்தவைதான். உலகம் கேட்டது அந்தப் பூசிய வடிவத்தை. பூசாத கிங்ஸ்டன் வடிவம் பெட்டிக்குள்ளேயே கிடந்து, 2001-இல் டீலக்ஸ் பதிப்பின் முதல் சிடியாக வெளிவந்தது. இரண்டாவது சிடி, நாம் எல்லோரும் அறிந்த 1973 ஆல்பம்.

ஆக, காசு அந்த முதல் சிடிக்குத்தான். எனக்குக் கிடைக்காமல் போனதும் அதுதான்.

விளம்பரத்தில் 'புதியது, சீல் பிரிக்காதது' என்று போட்டிருந்தது. விற்பவருக்கு நட்சத்திரங்கள் வானத்தில் இருக்கிற அளவுக்கு இருந்தன. அவை எதற்குக் கிடைத்தவை என்று நான் பார்க்கவில்லை. அப்புறம் பார்த்தால் எல்லாம் செல்போன் உறையும் சார்ஜர் ஒயரும் வாங்கியவர்கள் போட்டவை. 'கவர் கச்சிதமாகப் பொருந்துகிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பி நான் ரெகே வாங்கியிருக்கிறேன்.

பார்சல் வந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் தொளதொளவென்று இருந்தது. அட்டையின் வலது மூலையில் விலைச் சீட்டைக் கிழித்த மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு. சீல் பிரிக்காத அட்டையில் இது எப்படி வரும் என்று யோசிக்க வேண்டிய இடம் அது. நானோ, பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு அந்தப் பிசினைச் சுரண்டி எடுக்கலாம் என்று நகத்தை வைத்தேன். வழவழவென்று இருந்தது. பிசினும் இல்லை, கிழிசலும் இல்லை. யாரோ ஒருவருடைய பழைய பிரதியை ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள். அதிலிருந்த சீட்டுத் தழும்பும் சேர்ந்து அச்சாகியிருக்கிறது. நான் சுரண்டிக்கொண்டிருந்தது ஸ்டிக்கரின் போட்டோவை.

அப்போதாவது விழித்திருக்கலாம். சரி, அச்சு கொஞ்சம் மட்டம், பாட்டு நன்றாக இருந்தால் போதும் என்று சிடியைப் போட்டேன்.

முதல் பாட்டு 'கான்கிரீட் ஜங்கிள்'. கிங்ஸ்டன் வடிவத்தில் பெர்கின்ஸ் கிடையாது, இருக்கவும் முடியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தில் வெறும் பேஸும் டிரம்ஸும் எப்படி இருக்கும் என்று காத்திருந்தேன். நடுவில் கிடார் கிளம்பியது. அந்த ஒற்றைச் சுரம் இழுத்து இழுத்து ஊளையிடுமே, அதே கிடார், அப்படியே. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: உடனே விற்பவரைச் சந்தேகப்படவில்லை, என்னையே சந்தேகப்பட்டேன். ஒருவேளை கிங்ஸ்டனிலும் யாராவது கிடார் வாசித்திருப்பார்களோ என்று இரண்டு நாள் ஓட்டினேன்.

எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஜமைக்காக்காரப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் நிஜ டீலக்ஸ் இருந்தது. என்னுடையதைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டார், சிரித்துவிட்டார். "தம்பி, இது லண்டன்" என்றார். (அவர் சொன்ன ஆங்கிலத்துக்கு என் தமிழ்.) பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 'ஸ்டிர் இட் அப்' நிஜத்தில் மூன்றே முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. லண்டன் வடிவம் ஐந்தரை நிமிடம் ஓடும். என் முதல் சிடியிலும் ஐந்தரை நிமிடம்.

திருட்டு எப்படி நடந்திருக்கும் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. அதே 2001-இல் ஒற்றை சிடியாகவும் ஒரு மறுபதிப்பு வந்தது. பழைய ஒன்பது பாடல்களோடு, ஆல்பத்தில் இடம்பெறாத 'ஹை டைட் ஆர் லோ டைட்', 'ஆல் டே ஆல் நைட்' இரண்டையும் சேர்த்துப் பதினொன்று. டீலக்ஸின் முதல் சிடியிலும் பதினொன்றுதான், அதே தலைப்புகள்தான், வரிசை மட்டும் வேறு. நம் ஆள் ஒற்றை சிடியை எடுத்து, வரிசையை மாற்றிக் காப்பியடித்து முதல் சிடி ஆக்கிவிட்டார். கூடுதல் இரண்டையும் கழித்தால் இரண்டாவது சிடி தயார். பெயரை மட்டும் சரிபார்க்கிறவனுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒரே தோசையை இரண்டு தட்டில் வைத்து இரண்டு தோசைக்குக் காசு.

சிடியின் அடிப்பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் அழுத்தி எடுத்த சிடி பளீரென்று வெள்ளியாக இருக்கும். என்னுடையதைச் சாய்த்துப் பிடித்தால் மயில்கழுத்து மாதிரி நீலப்பச்சை. வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதுகிற சிடிக்குத்தான் அந்த நிறம். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் பெரியவருடையதில் பொடி எழுத்தில் எண்ணும், ஐஎஃப்பிஐ என்ற குறியீடும் இருந்தன. என்னுடையதில் அந்த வளையம் மொட்டை. இனி நான் யாரிடம் வாங்கினாலும் அந்த வளையத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் காசு கொடுப்பேன். நிஜம் வைத்திருப்பவருக்கு அது அரை நிமிட வேலை.

பணத்தைக் கேட்டதும் விற்பவர் சொன்ன பதில், 'சீல் பிரித்த இசைத்தட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது'. இது பாதி உண்மை. பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கியதை மனம் மாறித் திருப்பித் தரும் 14 நாள் உரிமை, சீல் பிரித்த ஆடியோவுக்குப் பொருந்தாது. ஆனால் என் மனம் மாறவில்லை, பொருள்தான் மாறியிருந்தது. சொன்னபடி இல்லாத பொருளை, வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணமும் கேட்கலாம் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதை எழுதி அனுப்பியதும் குரல் இறங்கியது. முதலில் 5 பவுண்ட் தருகிறேன் என்றார். ஐந்து நட்சத்திரம் போட்டால் 10 என்றார். அதன்பிறகு பதிலே இல்லை.

கடைசியில் வங்கியைப் பிடித்தேன். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் வாங்கினால் கார்டு நிறுவனமும் சட்டப்படி பொறுப்பு. என் 24 பவுண்டுக்கு அது இல்லை. ஆனால் விற்றவரிடமிருந்து வங்கி வழியாகவே பணத்தைத் திரும்ப இழுக்கும் சார்ஜ்பேக் என்ற வழி இருக்கிறது, டெபிட் கார்டுக்கும் உண்டு. வளையத்தின் போட்டோ, இரண்டு பிரதிகளின் பாட்டு நேரம், அந்த 5 பவுண்ட் 10 பவுண்ட் பேரம் எல்லாவற்றையும் அனுப்பினேன். பேரம்தான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

எல்பி, அதாவது பெரிய வினைல் இசைத்தட்டு, வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸிப்போ லைட்டர் மாதிரி மேல்மூடி திறக்கும் உறையோடு இந்த ஆல்பம் முதலில் வந்தது 20,000 பிரதிகள் மட்டும். பிறகு மார்லி புகைக்கும் படம் போட்ட உறைக்கு மாறிவிட்டார்கள். ஆனால் லைட்டர் உறையைப் பிற்கால மறுபதிப்புகளிலும் போட்டிருக்கிறார்கள். மூடி திறக்கிறது என்பதற்காக 1973 விலை கொடுத்துவிடாதீர்கள்.

பெரியவர் தன் பிரதியை ஒரு வாரம் கொடுத்து வைத்தார். 'கான்கிரீட் ஜங்கிள்' நடுவில் கிடார் வரவேண்டிய இடத்தில் கிடார் வரவில்லை. நான்கைந்து தடவை அந்த இடத்தை மட்டும் போட்டுக் கேட்டேன்.

நேற்று அந்தத் தளத்தில் தேடினேன். கடைப்பெயர் புதிது. போட்டோ அதேதான், வலது மூலையில் அதே வெள்ளைத் தழும்பு. விலை 27 பவுண்ட் ஆகியிருக்கிறது.