மோனசைட்டா, பாஸ்ட்னசைட்டா? சென்னைச் சேகரிப்பாளருக்கு

இரண்டும் அருமண் (rare earth) தனிமங்கள் அடங்கிய கனிமங்கள்தான். பழுப்பு நிறம், கையில் எடுத்தால் கனம். ஆனால் வீட்டில் வைப்பதென்றால் பாஸ்ட்னசைட்தான் நல்லது.

மோனசைட் ஒரு பாஸ்பேட். அதில் கதிரியக்கத் தனிமமான தோரியம் கலந்திருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே என்று ஒரு பாட்டிலில் அள்ளி வந்துவிடாதீர்கள். அணுசக்திச் சட்டத்தின் கீழ் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள், உரிமம் வேண்டும். தோரியத்திலிருந்து வரும் தோரான் என்ற கதிரியக்க வாயு சுமார் 56 விநாடியில் பாதியாகக் குறையும், மூடிய பெட்டிக்குள்ளேயே பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதால், அனுமதியோடு வைத்திருப்பவர்களும் இறுக்கமாக மூடிய பெட்டியில், படுக்கையறைக்கு வெளியேதான் வைக்க வேண்டும். அறுப்பது, தேய்ப்பது கூடவே கூடாது. தூசி நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. ஒன்று சொல்ல வேண்டும்: பழுப்பு மோனசைட்டை சிஎஃப்எல் விளக்கடியில் பிடித்தால், அதிலுள்ள நியோடிமியம் என்ற அருமண் தனிமத்தால் பச்சையாகத் தெரியும். அழகு!

பாஸ்ட்னசைட் ஃபுளோரோகார்பனேட். பெயர் ஸ்வீடனின் பாஸ்ட்னாஸ் சுரங்கத்திலிருந்து வந்தது. தோரியம் பொதுவாக மிகக் குறைவு. ஆனாலும் வாங்குமுன் கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) கடினம் 4 முதல் 4.5தான், சுலபமாகக் கீறல் விழும். அமிலத்தில் கழுவினால் பளபளப்பு போய்விடும். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷுமே போதும்.

அடர்த்தியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டுமே 5-ஐ ஒட்டித்தான் வரும். அடிப்பக்கத்தில், கடினம் 5 உள்ள அபடைட் என்ற கனிமத்தின் துண்டால் லேசாகக் கீறுங்கள்: கீறல் விழுந்தால் பாஸ்ட்னசைட்.

சென்னைப் புழுக்கத்தில் முதலில் கெடுவது லேபிள். பென்சிலில் எழுதி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள்.