எஸ்.எம்.சி.யா, பி.டி.ஏ.வா, கவுன்சிலர் தேர்தலா? பள்ளிக்காக எதில் நிற்கலாம்

பிள்ளை படிக்கும் பள்ளியில் தன் சொல்லும் எடுபட வேண்டும் என்று நினைக்கும் சென்னைப் பெற்றோருக்கு மூன்று வழிகள் உண்டு: பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.), பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.), மாநகராட்சிக் கவுன்சிலர் தேர்தல். அமெரிக்காவில் நடப்பதுபோல் பள்ளி வாரியத்துக்கென்று தனித் தேர்தல் இங்கே கிடையாது. எதில் என்ன செய்ய முடியும் என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

என் ஓட்டு முதலில் எஸ்.எம்.சி.க்குத்தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவில் வந்தது இது. குழுவில் முக்கால் பங்குப் பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. டெபாசிட் இல்லை, கட்சி சீட் வேண்டாம், போஸ்டர் செலவு இல்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் குழுக்களை மாநிலம் முழுக்கப் புதிதாக அமைத்தார்கள்.

சும்மா டீ குடித்துவிட்டு வரும் கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கவும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கவும் இந்தக் குழுவுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையின் பலன் தீர்மானத்தை எழுதும் விதத்தில் இருக்கிறது. வடசென்னையில் ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள், ஏனென்றால் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. ‘கழிப்பறையைச் சீரமைக்க வேண்டும்’ என்ற தீர்மானம் கூட்டத்துக்குக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. புதிதாக வந்த ஓர் அம்மா ‘மாடியில் பெண்கள் கழிப்பறையில் மூன்று கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பள்ளி மானியத்திலிருந்து வாங்கிப் பொருத்த வேண்டும்’ என்று எழுத வைத்தார். வேலை முடிந்தது.

குறையும் உண்டு. கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில் நடக்கிறது. வீட்டு வேலைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் போகிற அம்மாக்களுக்கு அரை நாள் கூலி போய்விடும். வந்தே ஆக வேண்டியவர்கள் வர முடியாமல் போவது இதனால்தான். இதை அரசு சரிசெய்தே தீர வேண்டும். ஆசிரியர் பணியிடம், புதுக் கட்டடம் போன்றவற்றில் குழு கேட்கத்தான் முடியும். அரசு உதவி பெறும் பள்ளியென்றால் 2012 திருத்தத்துக்குப் பிறகு குழுவின் வேலை ஆலோசனை சொல்வதோடு சரி. சென்னையின் பழைய பள்ளிகளில் பல இந்த வகை என்பதால் முதலில் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எம்.சி. கேட்டு நிற்கும் இடத்தில் முடிவெடுக்கிறவர்கள் மாநகராட்சி மன்றத்தில் இருக்கிறார்கள், மாநகராட்சிப் பள்ளிகளைப் பொறுத்தவரையாவது. மன்றத்தில் ஒரு தீர்மானம் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மன்றம் ஒப்புதல் தந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பின்னால் மாநிலம் முழுக்க வந்த மதிய உணவுக்கு இது முன்னோடி. இன்றும் மன்றத்தில் கல்விக்கென்று தனி நிலைக்குழு இருக்கிறது, கல்விக்கான பட்ஜெட்டும் அங்கேதான் நிறைவேறுகிறது.

ஆனால் கவுன்சிலர் தேர்தலில் செலவும் உழைப்பும் வேறு அளவு. மொத்தம் 200 வார்டுகள். கடைசியாக 2022 பிப்ரவரி 19-ல் வாக்குப்பதிவு நடந்தது. 21 வயது நிரம்பியிருந்தால் நிற்கலாம், இடங்களில் பாதி பெண்களுக்கு. டெபாசிட் கட்டுவது பெரிய விஷயமில்லை. கட்சி சீட், பூத் ஏஜெண்டுகள், தெருத் தெருவாகப் பிரசாரம் என்று போகப் போகத்தான் கை கடிக்கும். ஜெயித்த பிறகும் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று காலையிலேயே வாசலில் ஆள் நிற்கும். பள்ளிக்காக மட்டும் கவுன்சிலராக ஆசைப்படுகிறவர்கள் இதையும் மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பி.டி.ஏ.வைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆண்டு விழா, நன்கொடை, தற்காலிக ஆசிரியருக்குச் சம்பளம் என்று அரசுப் பள்ளிகளில் அது உதவியிருக்கிறது. தலைவர் பதவி பல இடங்களில் ஊர்ப் பெரிய மனிதருக்குப் போய்விடுகிறது, பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு எஸ்.எம்.சி. சட்டம் பொருந்தாது. கட்டணப் பிரச்சினையென்றால் 2009 சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அமைந்த கட்டண நிர்ணயக் குழுவுக்கு மனு போடுவதே பலன் தரும்.

கவுன்சிலர்களுக்கு எஸ்.எம்.சி.யில் உள்ளாட்சிப் பிரதிநிதியாக இடம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் குழுவில் உட்கார்ந்தால் வார்டு கவுன்சிலரைக் கூட்டத்திலேயே நேரில் கேள்வி கேட்கலாம். மன்றத்துக்குப் போகும் ஆசை பிறகு வந்தால் அதுவும் நல்ல அனுபவம்.

எஸ்.எம்.சி.யில் நிற்பதென்று முடிவெடுத்தவர்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே நிற்கும் பெற்றோரிடம் இப்போதே பேசிப் பழகுங்கள். தெரிந்த முகத்துக்குத்தான் கை உயரும். எச்.எம்.மிடம் கடைசி மூன்று கூட்டங்களின் தீர்மானங்களைக் கேட்டு வாங்கி, முடியாமல் கிடப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.