அப்பாவின் எண்

2023 தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை காலையில், காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கியது. உள்ளே இருந்தது முந்தைய இரவே தீர்ந்திருந்தது. சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கிவைத்த பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நம்பர் வந்திருக்கும் பாருங்கள் பாட்டி, சொல்லுங்கள்" என்றான். அம்மா அவசரமாக அலமாரிக்குப் போனார். சுவாமி படங்களுக்குக் கீழ்த்தட்டில் அப்பாவின் பட்டன் போன் இருக்கிறது. அந்த எண் அதில்தான் வர வேண்டும். போன் உயிரில்லாமல் கிடந்தது. சார்ஜரின் முனை உடைந்திருந்தது. ரப்பர் பேண்டு சுற்றிச் சுற்றி அம்மா இத்தனை நாள் சமாளித்திருக்கிறார்.

2020 நவம்பர் முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. பதிவு செய்த கைபேசிக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் சிலிண்டர் கிடைக்கும். சிலிண்டர் வேறு ஆளுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் இணைப்பு அப்பாவின் பெயரில், அப்பாவின் எண்ணில் இருக்கிறது. அப்பா 2021 மே மாதம் காலமானார். கொரோனா கட்டுப்பாடுகளால் என்னால் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து வர முடியவில்லை. அடுத்த ஆண்டு வந்தபோது பத்தே நாள் விடுப்பு. சடங்குகளுக்கும் உறவினர் வீடுகளுக்குமே அது சரியாகப் போனது. பெயர் மாற்றும் வேலை அப்படியே நின்றுவிட்டது.

அந்த எண்ணை அம்மா இரண்டரை ஆண்டுகளாக உயிரோடு வைத்திருக்கிறார் என்பதை இந்த முறைதான் நேரில் கண்டேன். தினசரி காலண்டரை 28 நாளுக்கு ஒருமுறை மடித்து, அந்தத் தாளில் பென்சிலால் ஒரு சுழி போடுகிறார். அமாவாசை, கிருத்திகையைப் போல அதுவும் ஒரு நாள். அன்று காலையில் தெருமுனைக் கடைக்குப் போய் ரீசார்ஜ் செய்துவிட்டு வருகிறார். கேஸ், மின்கட்டணம், வங்கி என்று எல்லாச் செய்தியும் அந்தப் போனுக்குத்தான் வருகிறது. ஒரு மாதம் தவறவிட்டால் வீடே முடங்கிப்போகும் என்று அவருக்குத் தெரியும். தொலைபேசியில் பேசும்போது ஒருநாளும் இதை என்னிடம் சொன்னதில்லை.

சிம் அட்டையை எடுத்து என் போனில் போடலாம் என்று பார்த்தேன். பழைய பெரிய அட்டை, நுழையவில்லை. வெட்டலாம் என்றதற்கு, "கெட்டுவிட்டால் என்ன செய்வது?" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். சிலிண்டர் கொண்டுவந்த பையன் பத்து நிமிடம் காத்திருந்தான். பண்டிகைக்கு முன் அவன் ஏறி இறங்க வேண்டிய வீடுகள் வண்டியில் அடுக்கியிருந்த சிலிண்டர்களிலேயே தெரிந்தது. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மெல்லிய முனை உள்ள சார்ஜரைத் தேடி வேலூருக்குப் போனேன். காட்பாடியில் நான்கு கடைகளில் கேட்டாயிற்று, இல்லை. பாலாற்றுப் பாலத்தைக் கடக்கவே அரைமணி. லாங்கு பஜாரில் கால் வைக்க இடமில்லை. துணிப்பையும் பட்டாசுப் பெட்டியுமாக ஆரணியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வந்த கூட்டம். கடைசியில் சிஎம்சி மருத்துவமனைக்கு எதிர்ப்புறச் சந்தில்தான் கிடைத்தது. வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகள் நிறைந்த பகுதி அது. பெயர்ப் பலகைகளெல்லாம் வங்காள எழுத்தில் இருக்கும். அங்கே ஒரு சிறிய கடையில் பாய், வாளி, சமையல் பாத்திரம் எல்லாவற்றோடும் பட்டன் போன் சார்ஜரும் தொங்கிக்கொண்டிருந்தது. நோயாளிகளோடு வருகிற பெரியவர்கள் இன்னும் அந்தப் போன்தான் வைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். விலை 120 ரூபாய்.

மதியம் இரண்டு மணிக்குப் போன் கண்ணைத் திறந்தது. ஆறு குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. மூன்றாவதில் அந்த எண். கேஸ் ஏஜென்சிக்கு மாலை வரை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. நேரில் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "இனி செவ்வாய்க்கிழமைதான் சார், திங்களும் அரசு விடுமுறை விட்டுவிட்டார்கள்" என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் நோன்பும் சேர்ந்ததுதான். கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம், 21 வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், நோன்புக் கயிறு எல்லாம் வைத்துக் கோயிலில் படைக்க வேண்டும். பச்சரிசி மாவில் வெல்லப்பாகை ஊற்றிக் கிளறி, இரண்டு நாள் முன்பே அம்மா பாத்திரத்தில் மூடி வைத்திருந்தார். பாகு மாவு காத்திருக்கும். ஆனால் எண்ணெய்ச் சட்டி வைக்க அடுப்பு வேண்டுமே. பக்கத்து வீட்டு அக்கா, "எங்கள் அடுப்பு இருக்கிறது, எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று தன் பலகாரத்தை ஓரம் கட்டிவிட்டுச் சமையலறையையே விட்டுக்கொடுத்தார். சனிக்கிழமை இரவு பதினோரு மணி வரை அம்மாவும் என் மனைவியும் அங்கேதான். அம்மா வாழையிலையில் தட்டிப் போட, மனைவி எடுத்து இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்தாள். "பலமாக அமுக்காதே, மேல்தோல் உடையும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். திங்களன்று மனைவிதான் நோன்பு எடுத்தாள். அப்பா போன பிறகு அம்மா படையல் தட்டைத் தொடுவதில்லை.

அடுத்தது வங்கி. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர்; அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கே போய்விட்டோம். பெயர் வேண்டாம், ஊரில் பெரிய கிளைதான். பண்டிகை விடுமுறை முடிந்த முதல் நாள், நாற்பது ஐம்பது முதியவர்கள் நிற்கிறார்கள், உட்கார ஒரே ஒரு பெஞ்சு. 76 வயது அம்மா ஒன்றேகால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றார். அங்கே நான் கோபப்பட்டேன். ஆண்டுதோறும் வருகிற நவம்பர்தானே? இருபது நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட எவ்வளவு ஆகிவிடும்?

முறை வந்ததும் கைரேகை எடுத்தார்கள். வலது கட்டைவிரல், பதியவில்லை. ஆள்காட்டி விரல், பதியவில்லை. "கையைத் துடைத்துவிட்டு வையுங்கள்" என்றார்கள். அம்மா முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். பத்து விரலும் ஆயிற்று. பக்கத்தில் குனிந்து நின்று அந்த விரல்களைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து ஆண்டு புளி கரைத்து, சாம்பலில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்த விரல்கள். நுனிகள் பழைய நாணயம் போல வழவழவென்று இருந்தன. கோடுகள் இருந்த இடத்தில் மெல்லிய வெடிப்புகள் மட்டும். தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு விதி இடம் தருகிறது. "இப்போது எல்லாம் ஆன்லைன்தான் சார், பாட்டியை அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று பதில் வந்தது. ஆட்டோவில் திரும்பும்போது அம்மா, "என் கைதான் சரியில்லை" என்றார். அது என்னால் தாங்க முடியாத வார்த்தையாக இருந்தது.

வழி கிடைத்தது தற்செயலாக. சென்ற பயணத்தில் மீந்த நான்கு இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகள் என்னிடம் இருந்தன. வங்கிகளில் மாற்றுவதற்கான கெடு அக்டோபர் 7ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில்தான், எங்களுக்குச் சென்னை. தபாலிலும் அனுப்பலாம் என்பதால், அம்மாவின் கணக்கு விவரத்தோடு காப்பீட்டுத் தபாலில் அனுப்ப அஞ்சல் நிலையத்துக்குப் போனேன். உறையை ஒட்டிக் கொடுத்த பெண் ஊழியரிடம், பேச்சோடு பேச்சாக அம்மாவின் விரல் கதையைச் சொன்னேன். "ஏன் சார் அலைகிறீர்கள்? தபால்காரரே வீட்டுக்கு வருவார், 70 ரூபாய்தான். முகத்தை வைத்தே சான்று எடுக்கலாம்" என்று முகவரியை எழுதிக்கொண்டார்.

மறுநாள் மதியம் தபால்காரர் வந்தார். அப்பாவின் ரயில்வே கடிதங்களை இருபது ஆண்டு கொண்டுவந்து கொடுத்தவரே அவர். "அம்மா, நீங்கள் ஊஞ்சலிலேயே உட்காருங்கள், நான் அங்கே வருகிறேன்" என்று கைபேசியைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். வெளிச்சம் போதவில்லை என்று என் மகள் ஜன்னல் திரையை விலக்கினாள். "நேராகப் பாருங்கள், ஒருமுறை கண்ணைச் சிமிட்டுங்கள்." அம்மா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது. மொத்தம் ஏழு நிமிடம். அவ்வளவுதான். செய்தி அனுப்ப எந்த எண் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பத்து இலக்கங்களையும் மளமளவென்று சொல்லிவிட்டார். அலமாரியில் அப்பாவின் போன் ஒலித்தது. அம்மா உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அதில் வந்திருந்தது.

பணத் தொல்லை மட்டும் கடைசிவரை தீரவில்லை. நேதாஜி மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட க்யூஆர் அட்டையைக் காட்டுகிறார்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை. வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த அப்போது பத்து நாடுகளுக்கு அனுமதி தந்திருந்தார்கள், அதில் ஜெர்மனி இல்லை. முள்ளுக் கத்திரிக்காய் விற்ற ஆயா, "நாளைக்குக் கொடு தம்பி" என்று இரண்டு கிலோவையும் பையில் போட்டுவிட்டார். மறுநாள் முதல் வேலையாகப் போய்க் கொடுத்தேன்.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போக மகள் ஆசைப்பட்டாள். பஸ் கூட்டத்தைப் பார்த்து அம்மாவை அழைத்துப்போகத் துணியவில்லை. மாலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் வாசலில் அகல் ஏற்றினோம். பக்கத்து வீட்டுப் பையன்கள் பனம்பூக் கரியில் மாவளி கட்டிச் சுற்றினார்கள். பொறி வட்டமாகப் பறக்க, மகள் வாய்திறந்து நின்றாள். அவளுக்கும் ஒரு சுற்று கிடைத்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் கேஸ் இணைப்பு அம்மாவின் பெயருக்கு மாறியது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நானும் தங்கையும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், மூன்று நடை. அம்மாவுக்குத் தனி எண்ணும் வாங்கிப் பதிவு செய்தாயிற்று. மின் இணைப்பும் வங்கிக் கணக்கும் இன்னும் அப்பாவின் எண்ணில்தான்; தைப் பொங்கலுக்குத் தங்கை வரும்போது பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரைக்கும் என்று அந்தச் சந்துக் கடைக்கு மறுபடி போய் இன்னும் இரண்டு சார்ஜர் வாங்கிவந்தேன். ஒன்றை அலமாரியில் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மற்றதை அம்மா தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.