நாலடியா, ஆறடியா, எட்டடியா: மொட்டை மாடிக்கு எந்த சி பேண்ட் டிஷ்?

சி பேண்ட் என்பது கேபிள்காரர்களுக்குச் சேனல்கள் வந்துசேரும் சாட்டிலைட் அலைவரிசை. அதற்கு டிஷ் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது, "நாலடியில சிக்னல் வருமா?" என்றுதான். வரும். கேட்க வேண்டியது வேறு: அந்த நாலடி டிஷ் எந்த சாட்டிலைட்டைப் பார்க்கப் போகிறது, அதை ஒட்டி வானத்தில் வேறு எது நிற்கிறது?

அதற்கு முன் ஒன்று. தூர்தர்ஷனும் சில இலவச சேனல்களும் போதும் என்பவருக்கு சி பேண்டே தேவையில்லை. 93.5 டிகிரியில் (கிழக்குத் தீர்க்கரேகை; சாட்டிலைட் நிற்கும் இடத்தை இப்படித்தான் சொல்வார்கள்) உள்ள ஜிசாட்-15இலிருந்து வரும் டிடி ஃப்ரீ டிஷ்ஷை, வீட்டு டிடிஎச்சுக்குப் பயன்படும் கேயு பேண்ட் அலைவரிசையின் இரண்டடி டிஷ்ஷே பிடித்துவிடும். கட்டணச் சேனல்களைப் பூட்டு உடைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கும் டிஷ்ஷின் அளவு உதவாது. அடைமழையிலும் படம் அறுந்துபோகாமல், கேபிள்காரருக்குப் போகிற அதே சிக்னலை நேரடியாகப் பிடித்து, பூட்டில்லாத சேனல்களைப் பார்க்க வேண்டும் என்பவருக்குத்தான் இந்த அலசல்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சி பேண்ட் இறங்கு அலைவரிசை 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை. அலைநீளம் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர். டிஷ் சிக்னலைக் குவித்துப் பெருக்கும் அளவுதான் கெய்ன்; 3 டெசிபல் கூடினால் வலு இரு மடங்கு. நாலடி டிஷ்ஷின் கெய்ன் சுமார் 31.5 டெசிபல், ஆறடிக்கு 35, எட்டடிக்கு 37.5. அதாவது நாலிலிருந்து ஆறுக்குப் போனால் 3.5 டெசிபல் கூடும். ஆறிலிருந்து எட்டுக்கு 2.5 மட்டுமே. இந்த 3.5 பெரிதா சிறிதா என்பது சேனல் எப்படி அனுப்பப்படுகிறது என்பதைப் பொறுத்தது. டிவிபி-எஸ்2 என்ற சாட்டிலைட் ஒளிபரப்பு முறையில் க்யூபிஎஸ்கே 3/4 என்று (தகவலை அடர்த்தி குறைவாக ஏற்றும் முறை; நான்கில் மூன்று பங்கு தகவல், மீதி பிழைதிருத்தம்) வரும் சேனலுக்கு, இரைச்சலைவிட சிக்னல் 4 டெசிபல் மேலே இருந்தால் போதும். அதே 3/4, எட்டு பிஎஸ்கே (8PSK) என்ற அடர்த்தியான முறையில் வந்தால் கிட்டத்தட்ட 8 வேண்டும். ஒரே சாட்டிலைட்டில் சில சேனல்கள் பளிச்சென்று ஓட, சில சேனல்கள் கட்டம் கட்டமாக உடைவது பெரும்பாலும் இதனால்தான். டிஷ் குவிக்கும் சிக்னலை முன்னே நின்று வாங்கும் கருவியான எல்.என்.பியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் என் பார்வையில் கெய்னைவிடப் பெரிய விஷயம், டிஷ்ஷின் பார்வை எவ்வளவு அகலம் என்பது. நாலடி டிஷ் வானத்தில் ஏறத்தாழ 4.5 டிகிரி அகலத்தைப் பார்க்கும். ஆறடி 3 டிகிரி, எட்டடி 2.2 டிகிரி. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் 66 டிகிரியில் இன்டெல்சாட்-17, 68.5இல் இன்டெல்சாட்-20. இரண்டுக்கும் நடுவே, பூமியின் மேற்பரப்பில் நின்று பார்க்கும் நம் கண்ணுக்கு (2.5ஐவிடச் சற்றே விரிந்து) 2.8 டிகிரிதான். நாலடி டிஷ்ஷை 66க்கு நேராக வைத்தாலும் 68.5இன் சிக்னல் 4 அல்லது 5 டெசிபல் மட்டுமே குறைந்து உள்ளே வந்துவிடும். இரண்டிலும் ஒரே அலைவரிசையில், ஒரே போலரைசேஷனில் (அலை அதிரும் திசை: வெர்டிகல் அல்லது ஹரிசான்டல்) சேனல் இருந்தால் இரண்டும் மோதும், செட்டாப் பாக்ஸ் திரையில் காட்டும் குவாலிட்டி பார் விழும். ஆறடியில் இந்தத் தொந்தரவு 10 டெசிபல் அளவுக்கு அடங்கிவிடும். எட்டடியில் பக்கத்து சாட்டிலைட் இருப்பதே தெரியாது.

"சிக்னல் 90 காட்டுதுண்ணே, வேற என்ன வேணும்?" என்று டிஷ் மாட்ட வந்தவர் சொல்வது இந்த இடத்தில்தான். ஸ்ட்ரெங்த் பார் இரைச்சலையும் சேர்த்துத்தான் காட்டும். வெறும் வானத்தைக் காட்டினாலும் அது கணிசமாக ஏறி நிற்கும். பார்க்க வேண்டியது குவாலிட்டி மட்டும்.

இந்தக் குறையையே வசதியாக்கிக்கொள்பவர்களும் உண்டு. நாலடி டிஷ்ஷை 66க்கும் 68.5க்கும் நடுவில் நிறுத்தினால் ஒவ்வொன்றிலும் ஒரு டெசிபல் சொச்சம்தான் இழப்பு. மோதாத, வலுவான சேனல்கள் இரண்டிலிருந்தும் ஒரே எல்.என்.பியில் வந்துவிடும். ஆறடியில் இது நடக்காது. சரி, ஆறடியில் இரண்டு எல்.என்.பி மாட்டலாமே என்றால் அதுவும் முடியாது: இரண்டு சாட்டிலைட்டின் குவியப் புள்ளிகளும் 3 சென்டிமீட்டர் சொச்சம்தான் தள்ளி விழும், எல்.என்.பியின் வாயே அதைவிட அகலம்.

93.5 டிகிரியில் உள்ள ஜிசாட்-17க்கும் இதே கதை. இரண்டு டிகிரி தள்ளி 91.5இல் மலேசியாவின் மீசாட் நிற்கிறது. 83இல் உள்ள ஜிசாட்-30, 2020 ஜனவரியில் இன்சாட்-4ஏவுக்கு மாற்றாகப் போனது. அங்கே நெரிசல் குறைவு. நாலடி டிஷ்ஷோடு தொடங்க நினைப்பவருக்கு நான் சொல்வது 83.

வீட்டில் சும்மா கிடக்கும் 90 சென்டிமீட்டர் கேயு பேண்ட் ஆஃப்செட் டிஷ்ஷில் (எல்.என்.பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கும் வகை), கூம்பு வடிவ ஸ்கேலார் ரிங் (எல்.என்.பி வாயைச் சுற்றி மாட்டும் உலோக வளையம்) போட்டு சி பேண்ட் எல்.என்.பி மாட்டுவது இன்னொரு வழி. கெய்ன் 29 டெசிபலை ஒட்டி, பார்வை அகலம் 6 டிகிரி. வலுவான க்யூபிஎஸ்கே சேனல்கள் சில வரும். கற்றுக்கொள்ள நல்ல விளையாட்டு; வீட்டில் எல்லோரும் டிவி பார்க்க அது காணாது. அதில் உள்ள ஒரே லாபம், டிஷ் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பதால் மழைத்தண்ணீர் தங்காது.

எட்டடி? மெஷ் டிஷ்ஷாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஓட்டை 7 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சி பேண்டுக்கு அது தகடு போலத்தான். ஆனால் பரப்பளவு நாலடியைப் போல நான்கு மடங்கு. 2016இல் வர்தா, 2018இல் கஜா என்று புயல் கண்ட கடலோர மாவட்டங்களில் அதை மாடிச் சுவரில் கிளாம்ப் அடித்து நிறுத்துவது ஆபத்து. கான்கிரீட் பீடம் போட்டு ஆங்கர் போல்ட் இறக்க வேண்டும். 66, 68.5 இரண்டிலும் உள்ள கடினமான எட்டு பிஎஸ்கே சேனல்கள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் தவிர மற்ற யாருக்கும் எட்டடி தேவையில்லை. என் ஓட்டு ஆறடிக்கு.

கையில் இருப்பது நாலடியோ ஆறடியோ, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. 20 கே எல்.என்.பியை 15 கே ஆக்குவது (கே என்பது கெல்வின், எல்.என்.பி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) அதில் சேராது: ஏட்டுக் கணக்கில்கூட லாபம் அரை டெசிபலை எட்டாது, ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எண்ணை நம்பவும் முடியாது. டிஷ்ஷின் விளிம்பைச் சுற்றித் தகடு ஒட்டிப் பெரிதாக்குவதும் வீண். ஒட்டிய பகுதியை எல்.என்.பி சரியாகப் பார்க்காது.

முதல் வேலை நூல். டிஷ்ஷின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு நைலான் நூலைக் கூட்டல் குறி போல இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட வேண்டும். ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் விலகி நின்றால் டிஷ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. லாரியில் ஏற்றி இறக்கியதில் இது சகஜம். போல்ட்டைத் தளர்த்தி, விளிம்பைப் பிடித்து நிமிர்த்தலாம். அதே நூலிலிருந்து டிஷ்ஷின் நடுப்புள்ளிக்கு ஆழம் அளந்துகொள்ளுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம். 120 சென்டிமீட்டர் டிஷ், ஆழம் 20 என்றால் 45 சென்டிமீட்டர். எல்.என்.பியின் வாய் அதைவிட அரை சென்டிமீட்டர் டிஷ் பக்கம் இருக்கலாம். குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் 0.375; எல்.என்.பி கழுத்தில் உள்ள அளவுகோலில் 38 கோட்டுக்கு ஸ்கேலார் ரிங்கை நிறுத்துங்கள்.

அடுத்தது எல்.என்.பியின் சுழற்சி. நம் ஊரில் அதிகம் கெடுவது இங்கேதான். சென்னையிலிருந்து 66 டிகிரிக்கு எல்.என்.பியை ஏறத்தாழ 47 டிகிரி திருப்ப வேண்டும். 93.5க்கு எதிர்ப்பக்கம் 45. 83க்கு 12 போதும். டெல்லியில் 66க்கு 20 டிகிரிதான், அதனால் இந்தி வீடியோ பார்த்து மாட்டினால் பாதியில் நின்றுவிடும். நாகர்கோவில் பக்கம் போனால் 54 வரை போகும். இது தவறினால் வெர்டிகல் சேனல் மேல் ஹரிசான்டல் சேனல் ஏறிக்கொள்ளும், எட்டடி டிஷ்ஷே ஆனாலும் காப்பாற்றாது. பலவீனமான சேனல் ஒன்றை வைத்துக்கொண்டு, குவாலிட்டியைப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள்.

தண்ணீர் இன்னொரு தலைவலி. நம் ஊரில் சாட்டிலைட் தலைக்கு மேலே இருக்கிறது: சென்னையிலிருந்து 83 டிகிரி சாட்டிலைட்டின் உயரம் 74 டிகிரி, 66க்கு 67. டிஷ் கிட்டத்தட்ட மல்லாந்து சட்டி போலக் கிடக்கும். கம்பெனி நடுவில் ஓட்டை போட்டிருந்தாலும் தண்ணீர் தங்கும் இடம் நடு இல்லை. 45 சென்டிமீட்டர் குவியத் தூரம் உள்ள நாலடி டிஷ் 66ஐப் பார்க்கும்போது அது நடுவிலிருந்து 37 சென்டிமீட்டர் கீழே. சரிவைப் பூட்டிய பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கே தேங்குகிறதோ அங்கே 5 மில்லிமீட்டர் ட்ரில் போட்டு, ஓட்டையின் விளிம்பில் ப்ரைமர் தடவிவிடுங்கள். சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. கொசு வளர்க்கிற பாவமும் இல்லை. அப்படியே எல்.என்.பி வாயில் மூடி சரியாக இருக்கிறதா பாருங்கள், குளவிக்கு அந்தக் குழாய் ரொம்பப் பிடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும், எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் விழுந்து எழுந்தால் அக்கம் பக்கத்து 5ஜி கோபுரத்தைப் பாருங்கள். 2022 ஏலத்தில் போனது 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை. சந்தையில் கிடைக்கும் பல எல்.என்.பிகள் 3.4இலிருந்தே வாங்குபவை, கோபுரத்தின் வலுவில் அவை திக்குமுக்காடிப்போகும். கேபிளில் ஃபில்டர் போட்டுப் பயனில்லை, அதற்குள் சிக்னல் எல்.என்.பியின் உள்ளேயே கெட்டிருக்கும். 3.7 முதல் 4.2 வரை மட்டும் வாங்குகிற, ஃபில்டர் உள்ளேயே வைத்த எல்.என்.பியாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான வரம்பைத் தாண்டி 3.7க்குக் கீழே வரும் சேனல்கள் இருந்தால் அவை போய்விடும். கோபுரம் வீட்டுக்கு எதிரே நின்றால் டிஷ்ஷை மாடிப்படிக் கூரைக்கு அந்தப் பக்கமாக, கோபுரம் சுவருக்குப் பின்னால் மறைகிறபடி இறக்கிப் பாருங்கள். டிஷ் மேலேதான் பார்க்கிறது என்பதால், கைப்பிடிச் சுவர் மறைப்பதால் சாட்டிலைட் சிக்னல் குறையாது.